சென்னைக்கு வந்த பெட்டி

செட்-டாப் பாக்ஸ் விஷயத்தில் டெல்லி, மும்பையை முந்தியது சென்னை. 2003 செப்டம்பர் 1 முதல் கட்டணச் சேனல் பார்க்க இங்கே பெட்டி கட்டாயமானது. ஆனால் வாங்கியவர்கள் குறைவு. முன்னணித் தமிழ்ச் சேனல்கள் இலவசமாகவே வரும்போது கிரிக்கெட்டுக்காக மட்டும் யார் காசைக் கொட்டுவார்கள்?

பழைய அனலாக் கேபிளில் ஒரு சேனலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டும். டிஜிட்டலில் படமும் ஒலியும் எண்களாகிச் சுருங்குவதால், அதே இடத்தில் பத்துச் சேனல்கூட அடங்கும். அந்த எண்களைத் திரும்பப் படமாக்குவதே பெட்டியின் வேலை. சிக்னல் குறைந்தால் பழைய டி.வி.யில் புள்ளி புள்ளியாகத் தெரியும். டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும்.

கேபிளை முழுக்க டிஜிட்டலாக்க நான்கு பெருநகரங்களுக்கும் மத்திய அரசு வைத்த கெடு 2012 அக்டோபர் 31. முன்னோடியான சென்னைதான் அப்போது வழக்குகளில் சிக்கித் தாமதித்தது.