செய்யுள் ஒப்புவித்தல்

செய்யுளை ஏட்டைப் பாராமல், அடியும் ஓசையும் பிசகாமல் ஆசிரியர் முன் சொல்லிக் காட்டும் பயிற்சி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்றும் உண்டு. ஆனால் வகுப்பறையில் சுருங்கி, போட்டி மேடையில் வளர்ந்திருக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதுவே படிப்பு. அச்சுப் புத்தகம் பரவாத காலம். சுவடியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது. வாத்தியாரோ சட்டாம்பிள்ளையோ ஓர் அடியைச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அகர வரிசையில் நடப்பதால் எழுத்தும் அடியும் சேர்ந்தே மனத்தில் ஏறின. அடுத்து மூதுரை, நல்வழி, சதகங்கள். சொற்பொருள் நூலான நிகண்டும் நெட்டுருதான். மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் செய்தது அதற்கு வசதியாயிற்று. நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை, மறந்த அடியின் தொடக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடும். பொருள் பிறகு விளங்கினால் போதும் என்பது அந்தக் காலத்துக் கொள்கை. அதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று பின்னால் வந்தவர்கள் பழித்தார்கள். பழிப்பில் பாதிதான் நியாயம்.

இராகம் போட்டுப் பாடுவதா, ஓசையோடு படிப்பதா என்ற வழக்கு பழையது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கத் தொடங்கிய உ.வே. சாமிநாதையர், கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றுவந்தார். சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்று பிள்ளை சொன்னதும் இசைப் பாடத்தை விட்டுவிட்டார். ஆனால் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானபோது, அந்த இசைப்பழக்கம்தான் மாணவர்களை அவர் பக்கம் இழுத்தது. செய்யுளை இராகத்தோடு சொல்லிப் பாடம் நடத்தினார். அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ இரண்டையும் பதிவு செய்திருக்கிறது.

அச்சுப் பாடநூலும் எழுத்துத் தேர்வும் வந்தபின் ஒப்புவித்தல் மனப்பாடப் பகுதியாகச் சுருங்கியது. ‘அடிபிறழாமல் எழுதுக’ என்ற வினாவுக்குக் கைதான் விடை சொல்கிறது, வாய்க்கு வேலையில்லை. இலக்கணப் பாடம் வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்கிறது. பெயரை எழுதினால் மதிப்பெண் உண்டு. செப்பிக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடி இறுதியில் நிற்கும் தனிச்சொல்லில் குரல் சற்றே நின்று எழ வேண்டும். இதைக் காதால் கேட்காத மாணவர் அந்தச் சொல்லை வெறும் நான்காவது சீராக எண்ணிக் கடந்துவிடுவார்.

தொடக்க வகுப்புகளில் நிலைமை மேல். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களும் அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ தொகுப்பும் வந்தபின், கையை ஆட்டி அபிநயத்தோடு பாடுவது வழக்கமாயிற்று.

போட்டிகளில் முன்னிற்பது திருக்குறள். 1330 குறளையும் ஒப்புவிக்கும் மாணவர்களுக்குத் தமிழ்நாட்டுத் தமிழ் வளர்ச்சித் துறை ரொக்கப் பரிசு தருகிறது. வகுப்பறையைப் பொறுத்தவரை, அறத்துப்பால், பொருட்பாலின் 108 அதிகாரங்களையும் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளில் கற்பிக்க வேண்டும் என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது.

இலங்கையில் கல்வி அமைச்சின் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் ‘பாவோதல்’ தனிப் போட்டியாகவே நடக்கிறது. பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம் தாண்டி அகில இலங்கை மட்டம்வரை செல்கிறது. இங்கே நினைவாற்றல் மட்டும் போதாது; உச்சரிப்பும் ஓசையும் பாவமும் சேர வேண்டும்.