உடைந்த பிடில்

மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சித்திரத்தின் அச்சுப் பிரதி மாட்டியிருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக் 1909இல் தீட்டிய ‘பிடிலும் வண்ணப் பலகையும்’. அசல் நியூயார்க்கில், குகென்ஹைம் காட்சிசாலையில் இருக்கிறது. பிடில் வாசிக்கும் நண்பர் ஒருவர் வந்தார், பார்த்தார், முகம் சுளித்தார்.

“உடைந்த வாத்தியத்தை வீட்டில் வைக்கலாமா, ஸார்? கழற்றிவிடுங்கள்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. படத்தில் பிடிலின் உடல் சில்லுசில்லாகத் தெறித்திருக்கிறது. அதன் மேலே ஸ்வரத் தாள்கள். உச்சியில் ஓவியனின் வண்ணப் பலகை.

ஆனால் பிராக் வாத்தியத்தின் அருமை அறியாதவரல்ல. வீடுகளுக்கு வர்ணம் பூசும் குடும்பத்தில் 1882இல் பிறந்தவர். சங்கீதப் பித்து உள்ளவர். சித்திரசாலையில் வாத்தியங்களைக் கூடவே வைத்திருந்தவர். தூர நின்று பார்ப்பவனுக்குப் பிடிலின் ஒரு முகம்தான் தெரியும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவனுக்கு முன்னும் பின்னும் பக்கமும் தெரியும். அத்தனையையும் ஒரே துணியில் வைத்தார் பிராக். 1908இல் அவருடைய படங்களைப் பார்த்த விமரிசகர் லூயி வோசெல், எல்லாம் கனசதுரங்கள் என்று கேலி செய்தார். அந்தக் கேலியே ‘க்யூபிஸம்’ என்று பெயராக நிலைத்துவிட்டது.

நண்பரிடம் ஒன்று கேட்டேன்: “பிடிலை முதலில் மாற்றியது யார்? நாம் அல்லவா?”

முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1859), மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். தஞ்சை வடிவேலுவுக்கு 1834இல் ஸ்வாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார். மோவாய்க்குக் கீழே வைத்து வாசித்த வாத்தியத்தை நாம் தரையில் சம்மணமிட்டு, அதன் தலையைக் கால் கணுவில் ஊன்றி வாசித்தோம். தந்திகளை ஷட்ஜமும் பஞ்சமமுமாகச் சுருதி மாற்றினோம். அந்நாளைய ஐரோப்பிய வித்வான் யாரேனும் பார்த்திருந்தால், வாத்தியத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் சொல்லியிருப்பார். இன்றோ, பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரி அபூர்வம்.

பழைய பொருளைப் புதிதாகப் பிடிப்பவன் கையில் அது முதலில் உடைந்தது போலத்தான் தோன்றும். அவனுக்கு அதில் பிரியம் உண்டா என்பதே கேள்வி.

நண்பர் எழுந்து படத்தின் அருகே போனார். வண்ணப் பலகை ஓர் ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணியை மட்டும் பிராக் நிழலோடு, நிஜம் போலவே தீட்டியிருக்கிறார். இப்படியும் எனக்கு வரையத் தெரியும் என்று சொல்வது போல.

நண்பர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

“ஆணி பலே!” என்றார். “பிடிலை இன்னொரு நாள் வந்து பார்க்கிறேன்.”

படம் கூடத்திலேயே இருக்கிறது.