ஈயத்தின் கணக்கு

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி கிண்டியில் இறங்குகிற எங்களுக்கெல்லாம் ரேஸ் கோர்ஸ் ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர், அவ்வளவுதான். 1777-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்த மைதானத்தை 2024 செப்டம்பர் 9 அன்று அரசு பூட்டி சீல் வைத்தபோதும் பேச்சு முழுக்க குத்தகை, வாடகை பாக்கி, 160 ஏக்கர் நிலம் பற்றித்தான்.

அதற்கு ஐம்பது வருடம் முன்பு, 1974-இல், கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. அப்போதைய கவலை, பந்தயம் கட்டி அழிந்த குடும்பங்கள். நியாயமான கவலைதான். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரி 12 அன்று கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது: இது சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு. குதிரையின் வேகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி எல்லாம் அதற்குக் காரணங்கள். ஆக குதிரையும் வழக்கில் இருந்தது, சாட்சிப் பொருளாக.

பந்தயத்துக்குள்ளே நியாயம் பார்க்க நிறைய ஏற்பாடு உண்டு. ஹேண்டிகேப் என்று ஒன்று. நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடை. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத்தகடுகளை வைத்து நிரப்புவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அட்மிரல் ரவுஸ், எந்த வயதுக் குதிரைக்கு எவ்வளவு எடை என்று அட்டவணையே போட்டார். நல்லா வேலை செய்றவன் தலையிலேயே இன்னும் நாலு டிக்கெட்டைக் கட்டுவது ஐடிக்காரர்களுக்குப் புதுசில்லை. ஆனால் நாம் ராஜினாமா செய்யலாம். எல்லாக் குதிரையும் சமமாக ஓடினால்தான் பந்தயம் கட்டுபவருக்கு சுவாரசியம். அந்தச் சமத்துவத்தைச் சுமப்பது குதிரையின் முதுகு.

ஊக்கமருந்துச் சோதனையும் பணம் கட்டியவர் ஏமாறக்கூடாது என்றுதான் வலுப்பெற்றது. அதில் குதிரைக்கும் லாபம் உண்டு, மறுக்கவில்லை. வலியை மருந்தால் மறைத்து ஓடவிட்டால் உடைவது அதன் கால். ஆனால் இரண்டு வயதில், எலும்பு முழுசாக முற்றாத பருவத்தில், அதைக் களத்தில் இறக்குவது விதிமீறல் கிடையாது. அது பணம் கட்டியவர் யாரையும் ஏமாற்றுவதில்லையே.

ரேஸ் புத்தகத்தில் ஒரு குதிரையின் அப்பா, அம்மா, வயது, சுமக்கும் எடை, போன தடவை எத்தனையாவதாக வந்தது என எல்லாம் இருக்கும். பொறாமைப்படும்படியான டேட்டா. குதிரை 25 வருடத்துக்கு மேலும் வாழும். பந்தய வாழ்க்கை அதில் சில வருடம். கடைசி ஓட்டத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் புத்தகத்தில் வராது.