புதுவை நீலத்துணி

புதுச்சேரிப் பிரதேசத்தில் அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்து உண்டாக்கப்பட்டு, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சுக் கப்பல்கள் வழியே மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று பெரும் பிரசித்தி அடைந்த பருத்தித் துணி. ஆப்பிரிக்காவின் கினிக் கரையை முன்னிட்டுப் பிரெஞ்சு வர்த்தகர் இதனைக் ‘கினே’ என்று வழங்கினர். ஆடை வடிவமைப்பு என்னும் தனித்தொழில் இந்நாட்டில் பெயர் பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, ஒரு கரையின் சாயக்காரரும் மறு கரையின் பாலைவன மக்களும் ஒருவரையொருவர் காணாமலே கூடி வகுத்த ஆடை இது. ஆகவே இப்பகுதியின் ஆடைச் சரித்திரத்தை இதிலிருந்து தொடங்குவதே முறையெனத் தோன்றுகிறது.

புதுச்சேரியை அடுத்த அரிக்காமேட்டில் 1945-ல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், அங்கே கண்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகள் என்று கருதினார். அக்கருத்தைப் பின்வந்த ஆய்வாளர் அனைவரும் ஏற்கவில்லை என்றாலும், கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்திலேயே கடல்கடந்த வர்த்தகம் நடந்த துறை அது என்பதில் ஐயமில்லை. பிரெஞ்சுக்காரர் 1674-ல் இங்கே நிலைகொண்டபோது, அவர்களுள் முன்னின்ற பிரான்சுவா மர்த்தேன் முதலில் நாடியது இக்கரையின் நெசவாளரையே. 1686 முதல் 1759 வரை பிரான்சு தேசத்தில் சாயச் சீட்டித் துணிகளுக்குத் தடை இருந்தபோதிலும், பிறநாடுகளுக்கு மறு ஏற்றுமதியாகும் சரக்குக்கு அத்தடை இடையூறாக நிற்கவில்லை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையும் துணி வர்த்தகத்தில் ஈடுபட்டவரே. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய தினசரியில், நெசவாளர்க்கு முன்பணம் கொடுப்பதும், சரக்கைத் தரம் பார்ப்பதும், கப்பலுக்கு ஏற்றுவதும் அரசாங்க விவகாரங்களோடு இடைவிடாமல் கலந்து வருகின்றன.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் ஆகிய உட்பிரதேசங்கள் ஆங்கிலேயரின் தென்னாற்காட்டுக் கிராமங்களோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடந்தமையால், ஆங்கிலேய எல்லையில் நெய்த கோராத் துணி பிரெஞ்சு எல்லைக்கு வந்து நீலமாகிக் கப்பலேறுவது இயல்பாயிற்று. பாகூர் ஏரியின் நன்செய் நெல்லுக்கே உரியது. அவுரியோ அந்நாளில் தென்னாற்காட்டின் பிரதான வர்த்தகப் பயிர்களுள் ஒன்றாக இருந்தது.

செய்முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இத்துணியின் விசேஷம் முழுவதும் அதிலேயே அடங்கியுள்ளது. பூக்கும் தறுவாயில் அறுத்த அவுரியைத் தொட்டி நீரில் ஊறவைத்துப் புளிக்கவிடுவர். இலையை உலர்த்திச் சேமித்து வைத்து ஊறப்போடும் வழக்கமும் சோழமண்டலக் கரையில் உண்டு. புளித்த நீரை வேறு தொட்டிக்கு வடித்து, ஆட்கள் இறங்கி நெடுநேரம் கலக்கினால், காற்றுப் பட்டுப் பட்டு மஞ்சள் கலந்த பச்சை நீர் நீலமாக மாறி, அடியில் வண்டலாகப் படியும். அவ்வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, கட்டிகளாக அறுத்து உலர்த்தியதே நீலம். இந்நீலம் நீரில் கரையாது. கரையாத பொருளைக் கரைத்துத் துணிக்குள் செலுத்துவதில்தான் சாயக்காரரின் வித்தை இருக்கிறது. மண்சாலில் நீலத்தோடு சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேர்த்து, தகரை விதையை வேகவைத்து ஊற்றி, சில நாட்கள் புளிக்கவிட்டால் நீலம் தன் நிறத்தை இழந்து கரைகிறது. அதில் தோய்த்தெடுத்த துணி பச்சையாக வெளிவந்து, கண்ணெதிரே காற்றில் நீலமாகிறது. ஒரு தோய்ச்சல் வான நிறமே தரும். இருளோடு ஒத்த நீலம் வேண்டுமாயின் தோய்ப்பதும் உலர்த்துவதுமாகப் பலமுறை செய்தாக வேண்டும். இறுதியில் கஞ்சியிட்டுக் கொட்டாப்புளியால் அடித்து மினுக்கேற்றுவர். சால் பதமாயிற்றா என்பதை நுரையின் நிறத்தாலும் நாற்றத்தாலும் அறிந்தனரேயன்றி, அளவுக்கருவி ஒன்றும் அவர்களிடம் இருந்ததில்லை.

இத்துணி எதற்குப் பயன்பட்டது என்பதை மறைத்து எழுதுதல் தகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளுள் இந்தியத் துணி முதன்மையானது. இந்நீலமும் அவ்வாணிபத்தில் கலந்தே இருந்தது. நெப்போலியப் போர்கள் முடிந்து புதுச்சேரியும் செனகலும் மீண்டும் பிரான்சின் வசமானபின், இதன் பிரதான நோக்கம் வேறாயிற்று. செனகல் ஆற்றங்கரையில் மூர் இனத்தவர் கொண்டுவந்த கருவேல இனத்துப் பிசினுக்கு ஈடாக இத்துணி பணம்போலவே செலாவணியாயிற்று. 1830-களில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் துண்டுகளுக்கு மேலும் சென்ற காலம் உண்டு. அப்பிசின் ஐரோப்பாவில் துணி அச்சிடும் ஆலைகளில் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. புதுவையின் துணி கொடுத்துப் பெற்ற பொருளே இந்தியத் துணிக்குப் போட்டியாக எழுந்த ஆலைகளை வளர்த்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கிறது.

ஐரோப்பிய ஆலைகள் இத்துணியைப் போலவே செய்து அனுப்பிப் பார்த்தன, விலையும் குறைவு. ஆயினும் மூர்கள் துணியைத் தடவியும் முகர்ந்தும் பார்த்துப் புதுவைச் சரக்கையே கேட்டனர். சாலின் புளித்த மணம், கஞ்சியின் விறைப்பு, உடலில் ஒட்டும் நீலம் ஆகிய மூன்றையும் அவர்கள் குற்றமாகக் கொள்ளாமல் குணமாகவே மதித்தனர். இன்ன நீளம், இன்ன நிறம், இன்ன கனம் என்று சகாராவில் உடுத்துபவர் விதித்ததைப் பெயரறியாத சாயக்காரர் இங்கே நிறைவேற்றினர். இக்காலத்து வடிவமைப்பாளரின் வேலையை அவ்விருவரும் தமக்குள் பகிர்ந்து செய்தனர் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

1826 முதல் 1828 வரை ஆளுநராக இருந்த தெபாசென் தெ ரிஷ்மோன் யந்திர நூற்பை ஊக்குவித்ததன் பயனாக, சவானா ஆலை எழுந்தது. ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 1898-ல் வந்தது. மக்கள் நாவில் அது ரோடியர் மில். காலக்கிரமத்தில் நீலத்துணியை இவ்வாலைகளே நெய்தன. சுற்றுக் கிராமங்களின் ஆண்களும் பெண்களும் ஆலைச் சங்கொலிக்கு வேலைக்கு நடந்தனர். 1936 ஜூலை 30-ஆம் நாள், உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் மாண்டனர். இதற்கிடையே ஜெர்மானியக் கம்பெனியொன்று 1897-ல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணரவே, சில ஆண்டுகளுக்குள் தென்னாற்காட்டு அவுரி வயல்கள் சுருங்கின. பிரெஞ்சு ஆட்சி நீங்கிய 1954-க்குப் பின் ஆப்பிரிக்கச் சந்தையும் அற்றது. 2011 டிசம்பரில் தானே புயல் ரோடியர் ஆலையைச் சிதைத்தது; 2020-ல் அது மூடப்பட்டது.

ஆனால் நீலம் அற்றுப்போகவில்லை. வில்லியனூர்க் கொம்யூனுக்கு அப்பால், விழுப்புரம் மாவட்டத்து வானூர்ப் பக்கமுள்ள ஆரோவில்லில், 1990-களிலிருந்து ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ என்னும் சாயக்கூடம் புளிக்கவைக்கும் பழைய முறையிலேயே நீலம் தோய்த்து வருகிறது. அங்கேயே உமா பிரஜாபதி 1997-ல் நிறுவிய ‘உபாசனா’ என்னும் ஆடை வடிவமைப்பு நிறுவனம், வடிவமைப்பாளரின் கடமை நெசவாளரின் பிழைப்பையும் தழுவியது என்னும் கொள்கையோடு இயங்குகிறது. 2004 சுனாமிக்குப் பின் மீனவப் பெண்கள் துண்டுத் துணியால் செய்த ‘சுனாமிகா’ பொம்மைகள் அதன் முயற்சியே. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் அவுரி இன்றும் வணிகப் பயிராக விளைகிறது. நிலத்துக்குத் தழைச்சத்து தரும் பயறினச் செடியாதலால், நெல் போகங்களுக்கு இடையே பயிரிட்டால் குடியானவருக்கு இரட்டைப் பயன்.

ஆடைத் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோர் உலகெங்கும் சாயக்கழிவு நீரையும், ஒரு பருவம் உடுத்தி எறியும் வழக்கத்தையும் குறித்துக் கவலை கொள்கின்றனர். செயற்கை நீலமே இன்றைய நீல ஜீன்ஸ் துணி ஏறக்குறைய முழுவதற்கும் நிறம் கொடுக்கிறது. அத்தனை துணிக்கும் அவுரி ஈடுகொடுக்க இயலாது என்பது உண்மை. எனினும் புளித்த சாலின் எஞ்சிய நீர் சாக்கடைக்குப் போகவேண்டிய நஞ்சன்று. பாகூர், வில்லியனூர் இளைஞர்கள் சென்னையில் 1995-ல் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரிக்கும் பிற ஊர்க் கல்லூரிகளுக்கும் சென்று படித்துத் திரும்புகையில், காகிதத்தில் கோடிழுப்பதோடு நில்லாமல், சாலருகே சில மாதம் நின்று, நுரை செம்பு நிறம் காட்டும் தருணத்தையும், புளிப்பு மிஞ்சிய நாற்றத்தையும், இன்னும் அதை அறிந்திருக்கும் முதிய கைகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வறிவு எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை.