கப்பலில் வந்த காய்ச்சலும் வேஷம் மாற்றும் வைரசும்

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் துறைமுகத்திற்குச் சரக்கு மட்டுமா வரும்? நோயும் வரும்! மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால் ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அந்த முகாம்களில் காலரா பரவிவிடுமோ என்பது அக்காலத்தில் பெரிய அச்சமாக இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் பலர் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கியபின் அந்தக் கூட்டம் அங்கே திரும்பியது.

காலராவுக்குப் பயந்து பயணிகளைச் சில நாட்கள் தடுத்து வைக்கலாம். இன்புளூயன்சா என்னும் சளிக்காய்ச்சலை அப்படித் தடுப்பது கடினம். காய்ச்சல் தெரிவதற்கு முதல் நாளே ஒருவர் அதை மற்றவருக்குக் கொடுத்துவிட முடியும்!

1918: இளைஞர்களைக் கொன்ற காய்ச்சல்

1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கிய காய்ச்சல், ரயில் பாதைகள் வழியே நாடு முழுவதும் பரவியது. இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். சென்னை மாகாணத்தில் பம்பாய் மாகாணத்தைவிட இறப்பு விகிதம் குறைவு. இலங்கைக்குள் நோய் கொழும்பு வழியாகவும், வடக்கே தலைமன்னார் வழியாகவும் நுழைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

சாதாரணமாக இக்காய்ச்சலில் இறப்பவர்கள் குழந்தைகளும் முதியவர்களும்தான். ஆனால் அந்த ஆண்டு 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களே மிக அதிகமாக இறந்தனர். குடும்பத்தில் உழைக்கும் ஆளே போய்விட்டால் என்ன ஆகும்? அந்தத் தலைமுறை சிறுவயதில் முதன்முதலாகச் சந்தித்தது வேறு வகை வைரஸாக இருந்திருக்கலாம், அதனால் புதிய வைரஸை எதிர்க்க உடலுக்குத் தெரியவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

அப்போது இந்நோய்க்குக் காரணம் வைரஸ் என்பதே தெரியாது. ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று நம்பி உலகின் பல இடங்களில் தடுப்பூசி தயாரித்தார்கள். மனிதரிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-ல் லண்டனில்தான்.

தடுப்பூசி தோற்றது ஏன்?

1940-களில் தாமஸ் பிரான்சிஸ், ஜோனஸ் சால்க் ஆகியோர் அமெரிக்க ராணுவத்துக்காகத் தடுப்பூசி தயாரித்தனர். நன்றாக வேலை செய்தது. ஆனால் 1947-ல் அதே ஊசி ஏறக்குறைய பயனற்றுப் போனது! ஊசி கெட்டுப்போகவில்லை, வைரஸ்தான் மாறிவிட்டது.

வைரஸின் மேற்பரப்பில் முட்கள் போல இரண்டு புரதங்கள் உள்ளன. அவற்றின் பெயர் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ். ஊசி போட்டபின் உடல் இந்த முட்களை அடையாளம் வைத்துக்கொள்கிறது. வைரஸ் பெருகும்போது ஏற்படும் சிறு சிறு பிழைகளால் முட்களின் உருவம் ஆண்டுதோறும் கொஞ்சம் மாறுகிறது. இது சிறு மாற்றம். மனித வைரஸும் பறவை வைரஸும் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு முற்றிலும் புதிய முட்களோடு வந்தால் அது பெரு மாற்றம்.

1957: சென்னைக்கு வந்த ரஜூலா

அப்படிப் பெரு மாற்றம் அடைந்த வைரஸ்தான் 1957-ல் ஆசியக் காய்ச்சலாக வந்தது. சிங்கப்பூரிலிருந்து மே மாதத்தின் நடுவில் சென்னைக்கு வந்த எஸ்.எஸ். ரஜூலா என்ற பயணிகள் கப்பல் வழியாக அது இந்தியாவுக்குள் நுழைந்தது. மலேயா போய்வந்த எத்தனையோ தமிழர்களைச் சுமந்த கப்பல் அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இன்புளூயன்சா மையம் நோயை ஆராய்ந்தது. 1958 பிப்ரவரி வரை நாட்டில் 44 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கில் பதிவானது.

இதில் ஒரு வியப்பு. இந்த வைரஸ் உலகுக்குப் புதிது என்று நினைத்தபோது, நெதர்லாந்தில் 70 வயதைக் கடந்த சிலரின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் முன்பே இருந்தது! 19-ஆம் நூற்றாண்டில் இதுபோன்ற வைரஸ் ஒன்றை அவர்கள் சந்தித்திருக்க வேண்டும். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோதும் முதியவர்களைவிட இளையவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். 1957-க்கு முன் பிறந்தவர்கள் 1918 வைரஸின் வாரிசுகளைச் சிறுவயதில் சந்தித்தவர்கள் அல்லவா! "இளமையில் கல்" என்பது உடலுக்கும் பொருந்துகிறது.

வயதுக்கு ஏற்ற ஊசி

வைரஸும் ஊசியும் நன்கு பொருந்தும் ஆண்டில்கூடப் பாதுகாப்பு 40 முதல் 60 சதவீதம்தான். 2014-15-ல் எச்3என்2 வகை மாறிவிட்டதால் அமெரிக்காவில் அது சுமார் 19 சதவீதமாகக் குறைந்தது. முதியவர்களின் உடல் எதிர்ப்புப் பொருளைக் குறைவாகவே உண்டாக்கும். ஆகவே 65 வயதைக் கடந்தவர்களுக்காக நான்கு மடங்கு வீரியமுள்ள ஊசி சில நாடுகளில் வந்தது. வைரஸையே பார்த்திராத சிறு குழந்தைகளுக்கு முதல்முறை இரண்டு தவணை தேவை. பாதுகாப்பு முழுமையாக இல்லாவிட்டாலும் நிமோனியா, மரணம் போன்ற ஆபத்துகளை ஊசி குறைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும், செப்டம்பரில் தென்கோளத்துக்கும் ஊசியின் கலவையைப் பரிந்துரைக்கிறது. டெல்லி, புனே போன்ற நகரங்களில் காய்ச்சல் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதிகம். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் உச்சம் அடைவதாக ஆய்வுகள் காட்டின. தூத்துக்குடிக்கும் மழை தருவது அந்த வடகிழக்குப் பருவக்காற்றுதான். எனவே எந்த ஊசி என்பதோடு எந்த மாதத்தில் போடுவது என்பதும் முக்கியமாகிறது. ஊசியின் பலம் சில மாதங்களில் குறைந்துவிடும், முதியவர்களுக்கோ இன்னும் விரைவாகக் குறையும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. கப்பல்கள் வருவது நிற்கவில்லை, வைரஸ் மாறுவதும் நிற்கவில்லை. போன வருடம் போட்ட ஊசி போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், 1947-ல் நடந்ததை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.