போர்க்கால நிழற்படங்களும் குதிரைப்படைக் குறுந்துப்பாக்கிகளும்

ஒரு நிகழ்ச்சியை, அது நிகழ்ந்த நாளில் வழங்காத கருவியோடு இயைத்துரைக்கும் பிழை வரலாற்று நூல்களில் அரிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க்குக் களத்தைப் பற்றி வழங்கும் கூற்றொன்று இதற்குத் தக்க சான்றாகும். 1863ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாட்காலையில், வடமாநிலப் படையின் குதிரைப்படைத் தலைவர் சான் பியூபர்டு, மூவாயிரவர்க்கும் குறைந்த வீரரைக் கொண்டு, முன்னேறிவந்த தென்மாநிலக் காலாட்படையைத் தம் பக்கத்துக் காலாட்படை வந்து சேருங்காறும் தடுத்து நின்றார். அவ்வீரர்களின் கைகளில் ஏழு தோட்டாக்களை அடுத்தடுத்துச் சுடவல்ல ஸ்பென்சர் குறுந்துப்பாக்கி இருந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம் என்று பலரும் எழுதியுள்ளனர். ஸ்பென்சரை ஏந்திய குதிரைவீரர்களின் நிழற்படங்களும் அக்கூற்றுக்குத் துணையாக நிறுத்தப்படுவதுண்டு. இக்கூற்று உண்மையாயின் புகழ் கருவிக்கு உரியது. அன்றாயின், மேட்டு நிலங்களைத் தேர்ந்து, வீரரைக் குதிரையினின்று இறக்கி, மெல்ல மெல்லப் பின்வாங்கிப் பொழுதை ஈட்டிய தலைவனுக்கும் படைக்கும் உரியது. ஆகலின் படத்திலுள்ள துப்பாக்கி யாது என அறிதல், பழம்பொருள் திரட்டுவோர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று என்பது பெறப்படும்.

குறுந்துப்பாக்கி அல்லது கார்பைன் எனப்படுவது, குதிரைமேல் இருந்து ஆளுதற்கேற்பக் குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கி. இதன் இடப்பக்கத்தில் ஓர் இருப்புக் கம்பியும், அதில் ஓடும் வளையமும் இருக்கும். வீரன் மார்பின் குறுக்கே அணிந்த அகன்ற தோற்பட்டையின் கொக்கி அவ்வளையத்தில் மாட்டப்படும். கம்பியும் வளையமும் படத்திற் புலனாயின், அது குதிரைப்படைக் கருவி என்பதில் பெரும்பாலும் ஐயமில்லை. அப்போரில் வடமாநில அரசு பத்துக்கு மேற்பட்ட வகைக் குறுந்துப்பாக்கிகளை விலைக்கு வாங்கியது. ஸ்பென்சர் ஏறத்தாழ 94,000, ஷார்ப்ஸ் ஏறத்தாழ 80,000, பர்ன்சைடு ஏறத்தாழ 55,000 என்பது கணக்கு. ஸ்பென்சரின் தொகை முதலிடத்தில் நிற்பதே மயக்கத்திற்கு ஒரு காரணம் போலும். தொகையை நோக்குவோர், அத்தொகை எப்பொழுது சேர்ந்தது என்பதை நோக்குவதில்லை.

இனி, வடிவ வேறுபாடுகளைக் காண்போம். ஷார்ப்ஸ் துப்பாக்கியில் விசையைக் காக்கும் வளைவே நெம்புகோலாகவும் அமைந்தது. அதனைக் கீழே இழுத்தால் குழலின் பின்வாயை அடைத்துநிற்கும் இரும்புக் கட்டி கீழிறங்கும். 1852, 1853ஆம் ஆண்டு அமைப்புகளில் இக்கட்டி சாய்ந்து நிற்கும். 1859ஆம் ஆண்டு அமைப்பு முதலாக நிமிர்ந்து நிற்கும். தெளிவான படத்தில் இச்சாய்வு ஒன்றே காலத்தைக் காட்டிவிடும். ரிச்சுமண்டு நகரில் தென்மாநிலத்தார் இதனைப் பார்த்துச் செய்துகொண்டவை ஏறத்தாழ 5,000 உள. அவற்றின் குழற்பட்டையும் கட்டையின் அடித்தகடும் பித்தளையால் ஆயவை. பர்ன்சைடு துப்பாக்கியின் அடையாளம், விசைக் காப்பு இரட்டை வளைவாகத் தோன்றுதல். அதன் முதலிரண்டு அமைப்புகளிற் குழலின்கீழ் மரம் இல்லை. மூன்றாம் அமைப்பு முதல் உண்டு. கேலகர் துப்பாக்கியும் குழலின்கீழ் மரமின்றியே நிற்கும். ஸ்டார் துப்பாக்கியோ ஷார்ப்ஸை மிக ஒத்தது. மங்கிய படத்தில் இவ்விரண்டையும் துணிந்து பிரித்தல் எளிதன்று. ஐயமுள்ள இடத்தில் ஐயத்தையே எழுதிவைத்தல் நன்று.

ஸ்பென்சரின் ஏழு தோட்டாக்களும் கட்டையினுள் பின்புறமாகச் செருகப்படும் ஒரு குழாயில் அடங்கும். ஆதலின் அதன் நடுவுடல் தடித்து, பெட்டி போன்று காணப்படும். இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்தில் இருத்தல் வேண்டும். ஸ்பென்சர் நெடுந்துப்பாக்கி வேறு, குறுந்துப்பாக்கி வேறு. நெடியதில் மரம் குழலின் முனையளவும் நீண்டு, மூன்று பட்டைகளாற் பிணிக்கப்பட்டிருக்கும். குறியதில் மரம் பாதியில் நின்றுவிடும், பட்டையும் ஒன்றே. நெடியது 1863ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே சில படைப்பிரிவுகளிடம் இருந்தது. குறியது படைக்கு வரத் தொடங்கியது அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிலேயே. அஃதாவது, கெட்டிஸ்பர்க்குப் போர் முடிந்து மூன்று திங்கள் கழிந்த பின்னர். ஆகவே ஸ்பென்சர் குறுந்துப்பாக்கி தோன்றும் எப்படமும் அக்டோபருக்கு முற்பட்டதாகாது. இஃது ஐயத்திற்கு இடமற்ற மேல் எல்லை. ஆனால் ஷார்ப்ஸ் தோன்றும் படம் அக்டோபருக்கு முற்பட்டது என்று இதனைத் திருப்பிக் கூறுதல் இயலாது. பழைய கருவி புதியது வந்தபின்னும் கையிலேயே இருக்கும்.

இவ்வடையாளங்களை அறிந்தோரும் இடறும் இடம் ஒன்றுண்டு. அக்காலப் படங்களிற் பெரும்பகுதி கண்ணாடித் தகட்டிலோ இரும்புத் தகட்டிலோ நேரே எடுக்கப்பட்டவை. இரும்புத் தகட்டுப் படத்தை ஆங்கிலத்தார் டின்டைப்பு என்பர். டின் என்பது வெள்ளீயம். அப்படத்திலோ வெள்ளீயம் இல்லை. பெயரளவில் நிற்கும் பிழை அது. நமக்கு இன்னல் தருவது வேறொன்று. இத்தகட்டில் உருவம் கண்ணாடியிற் காண்பது போல் இடம் வலமாகத் திரும்பிவிடும். அப்போரின் குறுந்துப்பாக்கிகளில் அடிக்கும் சுத்தி பெரும்பாலும் வலப்பக்கத்தில் உள்ளது. அப்பக்கம் நம்மை நோக்கிநிற்குமாயின் குழல்வாய் நமக்கு வலப்புறமாக இருத்தல் வேண்டும். இடப்புறமாக இருப்பின் படம் திரும்பியது எனக் கொள்க. வாள் இடப்பக்கம் தொங்குதலும், தோற்பட்டை இடத்தோளின்மேல் ஏறுதலும் துணைச்சான்றுகளே. ஆயினும் படம் திரும்பும் என்பதை அறிந்த சிலர் தம் வாளையும் பட்டையையும் முன்னரே மாற்றி அணிந்துகொண்டு நின்றனர். மாற்ற இயலாதவை துப்பாக்கியின் சுத்தியும், கச்சைத் தகட்டின் எழுத்தும், சட்டையின் பொத்தான் வரிசையுமே.

இதனை நோக்காமையால் விளைந்த பிழைக்குப் புகழ்பெற்ற சான்று போருக்குப் பிற்பட்டது. பில்லி தி கிட் என்னும் கள்வனை ஏறத்தாழ 1880இல் எடுத்த இரும்புத் தகட்டுப் படத்தைக் கண்டு அவனை இடக்கையன் என்றனர். 1958இல் அப்பெயராலேயே திரைப்படமும் வெளிவந்தது. அவன் பிடித்திருந்தது 1873ஆம் ஆண்டு அமைப்பிலான வின்செஸ்டர் குறுந்துப்பாக்கி. அதில் தோட்டா புகுத்தும் வாயில் வலப்பக்கத்தில் மட்டுமே உண்டு. படத்திலோ இடப்பக்கத்திற் காணப்படுகின்றது. ஒரு சிறு வாயில், ஒரு மனிதனைப் பற்றிய கதையை மாற்றிவிட்டது.

துப்பாக்கி இன்னதெனத் துணிந்த பின்னரும், அஃது ஏந்தியவனுடையதா என்னும் வினா எஞ்சுகின்றது. புதிதாகச் சேர்ந்த இளைஞர் பலர் கருவி பெறுமுன்னரே படம் எடுத்துக்கொண்டனர். அவர்க்குக் கொடுக்கப் படப்பிடிப்பு நிலையத்தார் வாளும் துப்பாக்கியும் வைத்திருந்தனர். ஒரே கருவி, ஒரே திரைச்சீலையின் முன், வெவ்வேறு முகங்களோடு வருமாயின், அது நிலையத்தின் உடைமை என்று கொள்ளல் தகும். செயின்ட் லூயி நகரில் பென்டன் படைவீடுகளில் எடுக்கப்பட்ட படங்களை, அவற்றின் பின்னே தொங்கும் வண்ணத்திரையைக் கொண்டே அறிஞர் இனங்கண்டுள்ளனர். கருவியைக் காட்டிலும் திரை நம்பத்தக்க சான்றாதல் வியப்பே.

களத்தில் எடுத்த படமும் இவ்வையத்திற்கு விலக்கன்று. அலெக்சாந்தர் கார்டினரும் திமொத்தி ஓசல்லிவனும் கெட்டிஸ்பர்க்கில் எடுத்த, பாறையிடுக்கில் வீழ்ந்துகிடக்கும் தென்மாநில வீரனின் படம் உலகறிந்தது. 1866இல் வெளியிட்ட தம் நூலில் கார்டினர் அவனைக் குறிபார்த்துச் சுடுவோன் என்றார். நவம்பரில் மீண்டும் சென்றபோது அத்துப்பாக்கி துருவேறி அங்கேயே இருந்தது என்றும் எழுதினார். நினைவுப்பொருள் தேடுவோர் நாள்தோறும் துருவிய களத்தில், நான்கு திங்கள் ஒரு துப்பாக்கி எவர் கையிலும் படாது கிடந்தது என்பதை நம்புதல் அரிது. 1975இல் வில்லியம் பிரசனிட்டோ, அதே உடல் வேறோரிடத்திற் கிடக்கும் படங்களை ஒப்பிட்டு, அது தூக்கிவரப்பட்டது என நிறுவினார். சுவரிற் சாய்ந்துநிற்கும் துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடுவோர்க்கு உரிய வகையன்று. படம் பிடிப்போர் வைத்ததே எனக் கொள்ளக்கிடக்கின்றது.

படத்திற்குப் புறத்தேயும் சான்று தேடல் வேண்டும். 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்டு வரை வடமாநிலங்களில் விற்கப்பட்ட நிழற்படங்களுக்கு வரி விதிக்கப்பட்டமையின், அவற்றின் பின்புறத்தில் வரிவில்லை ஒட்டப்பட்டது. வில்லை இருப்பின் காலம் அவ்விரண்டாண்டுக்குள் அடங்கும். இதனினும் வலிய சான்று, படைப்பிரிவுகள் காலாண்டுதோறும் அனுப்பிய கருவிக் கணக்கு. பியூபர்டின் பிரிவுகளுக்கு அக்கணக்கு காட்டுவன ஷார்ப்ஸ், பர்ன்சைடு, கேலகர் முதலியன. அனைத்தும் ஒரு முறைக்கு ஒரு தோட்டாவே சுடுவன. ஆயினும் பின்புறம் நிறைக்கப்படுவன ஆதலின், படுத்தும் முழந்தாளிட்டும் விரைந்து நிறைத்தல் கூடும். வாய்வழி மருந்திடிக்கும் நெடுந்துப்பாக்கிக்கு அவ்வசதி இல்லை. இந்த அளவே அவர்க்கிருந்த மிகை; அதுவும் முழுமையாகக் கிட்டவில்லை. இறங்கிப் போரிடுங்கால் நால்வரில் ஒருவன் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னே நிற்பான்.

கெட்டிஸ்பர்க்கில் ஸ்பென்சரே இல்லை என்றலும் பிழையே. சூலை மூன்றாம் நாள், களத்தின் கிழக்கே கஸ்டரின் தலைமையிற் பொருத மிச்சிகன் ஐந்தாம் குதிரைப்படையிடம் அது இருந்தது. ஆறாம் படையிலும் ஒரு பகுதியினர் பெற்றிருந்தனர். அவர் ஏந்தியது மூன்று பட்டைகள் கொண்ட நெடுந்துப்பாக்கி. எனவே கெட்டிஸ்பர்க்கு வீரன் எனக் குறிக்கப்பட்ட படமொன்றில் ஸ்பென்சர் காணப்படின், முதற்கண் எண்ணத்தக்கது குழலின்மேலுள்ள பட்டைகளையே.