ஆரஞ்சுக் கடையா, நீலக் கடையா? அமெரிக்க ஹார்டுவேர் கடைகளின் நூறு வருஷக் கதை

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



அமெரிக்காவில் முதல் தடவை வீடு வாங்குகிற நம்ம ஆட்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "ஹோம் டிப்போ போறதா, லோஸ் போறதா? எங்க மலிவு?" ரொம்ப நாள் நானும் விலையை மட்டும் வைத்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு டாய்லெட் தொட்டிதான் என்னை மாற்றியது. சிரிக்காதீங்க, சொல்றேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்கத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். தண்ணீர் பில் எகிறிவிட்டது. பக்கத்தில் இருக்கிற ஒரு பெரிய கடைக்குப் போய், தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடியை, ஃபிளாப்பர் என்பார்கள், வாங்கி வந்து மாட்டினேன். ஒழுகல் நிற்கவில்லை. வேறு கம்பெனியில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. மூன்றாவது தடவை வெறுத்துப்போய், முழு டாய்லெட்டையே மாற்றிவிடலாம் என்று ஒரு பெரிய பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டேன்.

அப்போது ஏப்ரன் போட்ட ஒரு வயதான மனிதர் வந்தார். எதற்கு வாங்குகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "உங்க தொட்டியோட ஓட்டை 2 இன்ச்சா, 3 இன்ச்சா?" என்றார். இரண்டு அளவு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது 3 இன்ச். நீங்க ரெண்டு தடவையும் 2 இன்ச் மூடி வாங்கியிருக்கீங்க" என்றார். பெட்டி மறுபடி ஷெல்ஃபுக்குப் போனது. சில டாலரில் வேலை முடிந்தது. கூடவே ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். தொட்டித் தண்ணீரில் சமையல் கலர் நாலு சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், ஃப்ளஷ் பண்ணாமலே கீழே கிண்ணத்தில் கலர் தெரிந்தால் மூடி ஒழுகுகிறது என்று அர்த்தம். முப்பது வருஷம் பிளம்பராக இருந்தவராம். முட்டி வலி வந்த பிறகு இந்த வேலைக்கு வந்திருக்கிறார்.

அன்றைக்கு அவரால் அந்தக் கடைக்குப் பெரிய விற்பனை ஒன்று போனது. அப்படிப்பட்ட ஒருத்தரை எந்த வியாபாரி சம்பளம் கொடுத்து நிறுத்தி வைப்பான்? அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கடைகளின் வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

மூக்குப்பொடி விற்ற கடை

வயதில் மூத்தது நீலக் கடைதான். 1921-ல் வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்போரோ என்கிற சின்ன ஊரில் லூசியஸ் லோ என்பவர் தொடங்கிய கடை அது. துணி, மூக்குப்பொடி, குதிரைச் சேணம், மளிகை என எல்லாம் விற்றார்கள். நம்ம ஊர் பல்பொருள் கடை மாதிரிதான். 1940-ல் அவர் இறந்தார். 1943-ல் அவர் மகன் ஜிம் லோ, தன் மைத்துனர் கார்ல் புக்கனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்.

கதையைத் திருப்பியவர் இந்தப் புக்கன். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் திரும்புகிறார்கள். எங்கே பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள். இனி மளிகையும் துணியும் வேண்டாம், ஹார்டுவேரும் கட்டுமானச் சாமானும் வீட்டு உபயோகப் பொருட்களும் போதும் என்று புக்கன் முடிவெடுத்தார். இடையில் இருக்கிற மொத்த வியாபாரியை விட்டுவிட்டு, தயாரிப்பாளரிடமே நேரடியாக வாங்கினார். விலை குறைந்தது. 1952-ல் கம்பெனி முழுக்க அவர் கைக்கு வந்தது. 1960-ல் தன் நாற்பதுகளிலேயே அவர் இறந்துபோனார். அடுத்த வருஷம் லோஸ் பங்குச் சந்தைக்குப் போனது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து லோஸ், வீடு கட்டுகிற கான்ட்ராக்டர்களை நம்பித்தான் ஓடியது. முன்னால் சின்னக் கடை, பின்னால் மரக் கிடங்கு. உங்களையும் என்னையும் போல சனிக்கிழமை ஒரு ஸ்க்ரூடிரைவரோடு கிளம்புகிற ஆட்கள் அவர்களுக்கு முக்கியமே இல்லை. அந்த ஆட்களுக்காகக் கடை போட்டவர்கள் வேறு இரண்டு பேர்.

வேலை போன இருவர்

1978-ல் கலிஃபோர்னியாவில் ஹேண்டி டேன் என்கிற கடைத்தொடரில் ஒரே நாளில் இரண்டு பெரிய அதிகாரிகளை வேலையை விட்டு நீக்கினார்கள். ஒருவர் பெர்னி மார்கஸ், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஆர்தர் பிளாங்க். கென் லாங்கோன் என்கிற முதலீட்டு வங்கியாளர் பணம் திரட்டித் தந்தார். சரக்கு வாங்குவதிலும் அடுக்குவதிலும் கெட்டிக்காரரான பாட் ஃபாரா சேர்ந்துகொண்டார்.

1979 ஜூன் 22. அட்லாண்டாவில் முதல் இரண்டு ஹோம் டிப்போ கடைகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 60,000 சதுர அடி. சுமார் 25,000 வகைச் சாமான். அவ்வளவு பெரிய கடையை நிரப்புகிற அளவுக்குக் கையில் காசு இல்லை. அதனால் மேல் ரேக்குகளில் காலி அட்டைப் பெட்டிகளையும் காலி பெயிண்ட் டப்பாக்களையும் அடுக்கி வைத்தார்கள். கீழே நின்று பார்க்கிறவனுக்கு, "அடேங்கப்பா, எவ்வளவு சரக்கு!" என்று தோன்ற வேண்டும். திறப்பு நாளில் வாசலில் பிள்ளைகளை நிறுத்தி, வருகிறவர்களுக்கு ஒரு டாலர் நோட்டு கொடுக்கச் சொன்னார்கள். கூட்டமே வரவில்லை. சாயங்காலமும் கையில் நோட்டு மிச்சம். கார் நிறுத்துமிடத்துக்கே போய், தயவுசெய்து உள்ளே வாங்க என்று கொடுத்தார்களாம்.

அங்கிருந்து பத்தே வருஷம். 1989-ல் லோஸைத் தாண்டி இந்தத் துறையில் நாட்டின் முதல் இடத்துக்கு ஹோம் டிப்போ வந்துவிட்டது.

எப்படி? விலை குறைந்ததற்கான காரணம் எளிது. கடையே கிடங்கு. தலைக்கு மேலே அடுக்கியிருக்கிறதுதான் ஸ்டாக். தனிக் கிடங்கு வாடகை இல்லை. தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்கு, குறைந்த லாபம் வை, நிறைய விற்றுவிடு. இது யாரும் காப்பியடிக்கக் கூடிய வித்தைதான். அடித்தார்கள். கேமார்ட் 1984-ல் ஒரு கம்பெனியை வாங்கி பில்டர்ஸ் ஸ்கொயர் என்று கடைத்தொடர் நடத்தியது. ரேக்குகளும் அதே உயரம்தான்.

காப்பியடிக்க முடியாமல் போனது ஆட்களை. மார்கஸும் பிளாங்க்கும் பிளம்பர்களையும் எலெக்ட்ரீஷியன்களையும் தச்சர்களையும் தேடித் தேடி வேலைக்கு வைத்தார்கள். விற்பனைக்குக் கமிஷன் கிடையாது. இது முக்கியம்ங்க. கமிஷன் இருந்திருந்தால் அந்தப் பெரியவர் என்னிடம் டாய்லெட்டை விற்றிருப்பார். சாமான் எங்கே என்று கை காட்டாதே, கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்று பழக்கினார்கள். டைல் ஒட்டுவது எப்படி, சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி என்று கடைக்குள்ளேயே வகுப்பு எடுத்தார்கள். ஊழியர்களுக்குக் கம்பெனிப் பங்குகளும் கிடைத்தன. கடை தன்னுடையது என்கிற எண்ணம் அவர்களுக்கு வந்தது.

கணக்கு இதுதான். இன்றைக்கு ஃபிளாப்பர் மாட்டக் கற்றுக்கொண்டவன் நாளைக்குக் குழாய் மாற்ற வருவான். அடுத்த வருஷம் குளியலறையையே பிரித்துப் போட்டுவிட்டு வருவான். வேலை கற்றுக்கொடுத்து வாடிக்கையாளரை உருவாக்கினார்கள்.

வீழ்ந்தவர்களும் தேறியவர்களும்

இந்த ஓட்டத்தில் நசுங்கியவர்கள் நிறைய. ஊர்க்கடைகள் போகட்டும், பெரிய ஆட்களே போனார்கள். வாஷிங்டன் பக்கம் 1911-லிருந்து நடந்த ஹெச்சிஞ்சர் கடைத்தொடர், தள்ளாடிய பில்டர்ஸ் ஸ்கொயரோடு இணைக்கப்பட்டும் பிழைக்கவில்லை. 1999-ல் திவாலாகி மூடப்பட்டது. மார்கஸையும் பிளாங்க்கையும் வெளியே அனுப்பிய ஹேண்டி டேனும் இன்று இல்லை.

லோஸ் தப்பித்தது. 1990-களின் தொடக்கத்தில் தன் சின்னக் கடைகளை மூடிவிட்டுப் பெரிய கடைகளைக் கட்டியது. ஆனால் அப்படியே காப்பியடிக்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், நடைபாதையை அகலமாக்கினார்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், விளக்கு, அலங்காரச் சாமானுக்கு முன்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் எதை மாற்றுவது என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை நீலக் கடை சீக்கிரமே புரிந்துகொண்டது. ஆரஞ்சுக் கடை சிமெண்ட் வாசனை அடித்தது என்றால், நீலக் கடை ஷோரூம் மாதிரி இருந்தது. இன்றும் அந்த வித்தியாசம் லேசாகத் தெரியும்.

மத்திய மேற்கு மாநிலங்களில் இருக்கிற நேயர்கள், "மெனார்ட்ஸை மறந்துட்டீங்களே" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. விஸ்கான்சினின் ஓ க்ளேர் ஊர் ஜான் மெனார்ட், கொட்டகை கட்டிக்கொடுக்கும் தொழிலிலிருந்து வளர்த்த கம்பெனி அது. இன்றுவரை பங்குச் சந்தைக்கே போகவில்லை. அவர்களுடைய 11 சதவீதத் தள்ளுபடி பிரபலம். ஆனால் அது ரொக்கமாக வராது. ரசீதை அனுப்பினால், அதே கடையில் செலவழிக்கிற கூப்பனாகத் திரும்பி வரும். வாங்கியவனை மறுபடி வரவழைக்கிற தந்திரம்.

ஆட்களைக் குறைத்தபோது

கதையின் முக்கியமான இடம் 2000 டிசம்பர். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து பாப் நார்டெல்லி ஹோம் டிப்போவின் தலைவராக வந்தார். நியாயமாகச் சொன்னால், அவர் செய்ததில் தேவையானதும் இருந்தது. ஒவ்வொரு கடையும் தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. கொள்முதலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார், கம்ப்யூட்டர் வசதியைச் சீர்ப்படுத்தினார். 2000-ல் சுமார் 4,600 கோடி டாலராக இருந்த வருஷ விற்பனை, 2005-ல் 8,100 கோடியைத் தாண்டியது.

ஆனால் சம்பளச் செலவு அவர் கண்ணை உறுத்தியது. முழுநேர ஆட்கள் குறைந்தார்கள், பகுதிநேர ஆட்கள் கூடினார்கள். அனுபவசாலிகள் பலர் கிளம்பிவிட்டார்கள். காகிதத்தில் லாபம் ஏறியது. கடைக்குள் கேள்வியோடு நின்றவனுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வாடிக்கையாளர் திருப்திக் குறியீட்டில் ஹோம் டிப்போ 67 புள்ளி வாங்கி, பெரிய சில்லறைக் கடைகளிலேயே கடைசி இடத்துக்கு வந்தது. லோஸுக்கு 78.

பாருங்க, விலை பெரிதாக ஏறவில்லை. சரக்கும் குறையவில்லை. குறைந்தது ஆட்கள் மட்டும்தான். 2007 ஜனவரியில் நார்டெல்லி விலகினார். போகும்போது அவருக்குக் கிடைக்க இருந்த தொகை சுமார் 21 கோடி டாலர். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு ஏப்ரனோடு நிற்கிற மனிதர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

அடுத்து வந்த ஃபிராங்க் பிளேக் பழைய மார்கஸிடமே யோசனை கேட்டார். கடையில் நிற்கிறவர்களை மறுபடி முன்னால் வைத்தார். வீட்டுச் சந்தை சரிந்த 2008-ன் நடுவிலும் கடை மெதுவாகத் தேறியது.

இந்தக் கடைகளை வெளிநாட்டில் நட்டபோது என்ன ஆனது? ஹோம் டிப்போ 2006-ல் சீனாவுக்குப் போனது, 2012-ல் மிச்சமிருந்த ஏழு பெரிய கடைகளையும் மூடியது. கூலி மலிவாக இருக்கிற ஊரில் யார் தானே டைல் ஒட்டுவான்? நமக்கு இது சொல்லாமலே புரியும். ஊரில் பிளம்பருக்குப் போன் போட்டுப் பழகிய நாம், இங்கே வந்து பிளம்பர் பில்லைப் பார்த்த பிறகுதானே ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டோம்!

சரி, எங்கே போவது?

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன்.

விலையை ஒப்பிடுவது நினைப்பதைவிடக் கஷ்டம். பெயர் பெற்ற பல சாமான்களை ஒவ்வொரு கடையும் தனக்கென்று வைத்திருக்கிறது. பேர் பெயிண்ட், ஹஸ்கி கருவிகள் ஆரஞ்சில். கோபால்ட் கருவிகள் நீலத்தில். வேறு கடையில் விலை குறைவாக இருந்தால் நாங்களும் குறைப்போம் என்று இருவருமே சொல்வார்கள். ஆனால் அது அதே மாடல் எண்ணுக்குத்தான். எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தால் வேறு பொருள் என்று சொல்லிவிடலாம். ஆகவே பெயரைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க. மரம், சிமெண்ட், குழாய் மாதிரி பிராண்ட் முக்கியமில்லாத சாமான்களில்தான் விலை ஒப்பீடு சுத்தமாக வரும்.

சரக்கில், கட்டுமான வேலை என்றால் ஆரஞ்சு, வீட்டு உபயோகப் பொருளும் அலங்காரமும் என்றால் நீலம் என்று நான் போவேன். இப்போது இரண்டு பேருமே மறுபடி கான்ட்ராக்டர்களைத் துரத்துகிறார்கள். 2024-ல் ஹோம் டிப்போ, கூரைச் சாமான் விநியோகம் செய்கிற எஸ்ஆர்எஸ் கம்பெனியை 1,825 கோடி டாலருக்கு வாங்கியது. கார்ல் புக்கன் நின்ற இடத்துக்கே கதை திரும்பிவிட்டது.

சேவையில் இந்தக் கடை, அந்தக் கடை என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு கிளைகளுக்கு நடுவிலேயே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். என் அனுபவத்தில், வார நாள் காலையில் போனால் விஷயம் தெரிந்தவர் கிடைக்க வாய்ப்பு அதிகம். பழைய பாகத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கேளுங்கள். திருப்பிக் கேள்வி கேட்கிற ஆள் கிடைத்தால் அது நல்ல கடை. அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்துக்கொள்ளவில்லை. போன மாதம் ஷவர் வால்வு ஒன்றுக்காக அதே கடைக்குப் போனேன். பெரியவர் இல்லை. செடி கொடிப் பிரிவிலிருந்து அன்றைக்கு மட்டும் மாறி வந்த ஒரு பையன் இருந்தான். நல்ல பையன். போனில் தேடி எந்த வரிசை, எந்த ரேக் என்று சரியாகக் காட்டினான். எந்த வால்வு வாங்குவது என்று கேட்டேன். "தெரியலையே சார், ரிவ்யூ பாருங்க" என்றான். இரண்டை வாங்கி வந்து, பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் ஊர்க் கடையில் அப்படி ஒரு பிளம்பர் தாத்தா இருந்தால் எழுதுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.